விபத்து இழப்பீட்டு மேல்முறையீடு: தம்புச் செட்டித் தெரு வழக்குரைஞர் அலுவலகம் குறித்து

என் அப்பாவுக்கு வேலையிடத்தில் நேர்ந்த விபத்துக்குக் கிடைத்த இழப்பீடு குறைவு என்று உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்து, அதை முடித்துக் கொடுத்த வழக்குரைஞர் அலுவலகத்தைப் பற்றி எழுதுகிறேன். 2023 நவம்பரிலிருந்து 2025 அக்டோபர் வரை, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், காலடிப்பேட்டையிலிருந்து அவர்களிடம் போய்வந்திருக்கிறோம். அலுவலகம் பாரிமுனையில், தம்புச் செட்டித் தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறது. பெயரைக் குறிப்பிடவில்லை. வழக்குரைஞர்கள் தாமாகவோ பிறர் மூலமாகவோ விளம்பரம் தேடக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. நான் எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, “எழுதுங்கம்மா, நாலு பேருக்கு உதவும். ஆனா எங்க பேரு வேண்டாம்” என்று வக்கீலம்மா கேட்டுக்கொண்டார். ஆகையால் அவர்கள் என்ன செய்தார்கள், எதில் குறை வைத்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். வடசென்னையில் பட்டறைக்கும் கிடங்குக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்குப் போகிறவர்களின் வீட்டார், ஒரு வக்கீலை எதைப் பார்த்து நம்பலாம் என்று முடிவு செய்ய இது பயன்படலாம்.

அப்பா கொடுங்கையூரில் ஒரு தகட்டுப் பட்டறையில் பதினெட்டு ஆண்டுகள் பவர் பிரஸ், அதாவது தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரம், ஓட்டியவர். 2021 ஆகஸ்டில், பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும், கிளட்ச் தேய்ந்திருந்த பிரஸ் தானாக இன்னொரு முறை இறங்கியதில், வலது கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் அடியோடு போயின. அப்போது அவருக்கு வயது 50. உடன் வேலை செய்தவர்கள் ஆட்டோவில் ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நசுங்கிய விரல்களை ஒட்டவைக்க வழியிருக்கவில்லை. ஆனால் மிச்சமிருந்த கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒன்றையொன்று தொட்டுப் பிடிக்கும்படி பல மாதங்கள் பயிற்சி கொடுத்து, இன்று அவர் டீ டம்ளரைத் தானே தூக்கிக் குடிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் அங்குள்ள கை அறுவை சிகிச்சைப் பிரிவினர்; அவர்களுக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. வழக்குக்கான முதல் ஆதாரமும் அங்கேயே கிடைத்தது. பட்டறையில் வேலை செய்யும்போது பிரஸ்ஸில் கை சிக்கியது என்று விபத்துப் பதிவேட்டில் அன்றிரவே எழுதியிருந்தார்கள். வேலை நேரம் முடிந்த பிறகு இவராகவே இயந்திரத்தைத் தொட்டார் என்று முதலாளி பின்னால் சொல்லிப் பார்த்தபோது, எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

பட்டறையில் மொத்தம் ஏழு பேர்தான் என்பதால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு கிடையாது, அப்போது பத்துப் பேராவது இருந்தால்தான் அது பொருந்தியது. இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் நான் சொல்லப்போகும் சட்டத்தின் கீழ் முதலாளியிடம் இழப்பீடு கேட்க முடியாது, அவர்களுக்கான வழி வேறு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பொருந்தியது அப்போது நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று இருந்த அதன் பெயர், 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று மாறியது. அந்தச் சட்டத்தில் தொழிலாளி முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை; வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் விபத்து நடந்தது என்று காட்டினால் போதும். மனுவை விபத்து நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் இழப்பீட்டு ஆணையரிடம் போட வேண்டியிருந்தது.

அந்த மனுவைப் போட்டவர் வேறொரு வக்கீல். தெரிந்தவர் ஒருவர் சொல்லி அவரிடம் போனோம். முன்பணம் எதுவும் வேண்டாம், வரும் தொகையில் கால் பங்கு கொடுத்தால் போதும் என்றார். கையில் காசில்லாத நேரத்தில் அது பெரிய உதவியாகத் தெரிந்தது. வழக்கின் முடிவில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசிக் கட்டணம் வாங்குவதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. ஆணையர் முன்னுள்ள வழக்குகளை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், எங்கள் வழக்கு பதினாறு மாதங்கள் நடந்தது. 2023 ஜூனில் உத்தரவு வந்துவிட்டது. ஜூலையில் முதலாளி தொகையை ஆணையரிடம் கட்டியும்விட்டார். இரண்டும் எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை போன் செய்தபோதும், வாய்தா போட்டிருக்கிறது என்றே பதில் வந்தது. நவம்பரில் ஒரு நாள் மூலக்கடை பஸ் நிறுத்தத்தில் பட்டறை மேஸ்திரி அப்பாவைப் பார்த்து, “பணத்தைத்தான் கட்டியாச்சே, இன்னும் என்ன கோபம்?” என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நகல் எடுத்துப் பார்த்தால், தொகை 2,20,450 ரூபாய். மேல்முறையீடு செய்ய 60 நாள் கெடு; அது ஆகஸ்டிலேயே முடிந்திருந்தது.

இந்த நிலையில்தான் தம்புச் செட்டித் தெரு அலுவலகத்துக்குப் போனோம். துறைமுகத்தில் அடிபட்ட ஒருவரின் மனைவி, எங்கள் தெருக்காரர், அழைத்துப் போனார். மாலை ஆறரை மணி. நானும் அப்பாவும் ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் கதையைக் கேட்பதற்கு முன்பாக, “ஆர்டர் காப்பியைக் கொடுங்க” என்று வாங்கிக்கொண்டு, வக்கீலம்மா ஒரு பென்சிலோடு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். பதினோரு பக்கம். இடையில் போன் வந்தபோதும் எடுக்கவில்லை. ஏழாம் பக்கத்தில் ஓர் இடத்தில் கோடு போட்டார். ஒன்பதாம் பக்கத்தில் இன்னொரு கோடு. பிறகு நிமிர்ந்து, “விபத்து என்னைக்கு நடந்தது ஐயா?” என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா தேதியைச் சொன்னார். அவர் ஒன்பதாம் பக்க ஓரத்தில் 3.1.2020 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு எங்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

ஏழாம் பக்கத்தில், அப்பாவின் மாதச் சம்பளம் 14,000 ரூபாய் என்பது வங்கிக் கணக்கின் மூலம் நிரூபணமாகியிருக்கிறது என்று ஆணையரே ஏற்றுக்கொண்டிருந்தார். ஒன்பதாம் பக்கத்தில், சட்டப்படி கணக்கில் எடுத்துக்கொள்ளக்கூடிய அதிகபட்ச மாத ஊதியம் 8,000 ரூபாய்தான் என்று சொல்லி, அந்த எட்டாயிரத்தை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார். எட்டாயிரம் என்பது 2010 மே மாதம் வந்த வரம்பு. அதை மத்திய அரசு 2020 ஜனவரி 3 அன்று 15,000 ரூபாயாக உயர்த்திவிட்டது. விபத்து நடந்தது 2021-இல். எனவே முழுச் சம்பளமான 14,000 ரூபாயும் கணக்கில் வந்திருக்க வேண்டும். பதினாறு மாதங்கள் அந்த வழக்கை நடத்திய முந்தைய வக்கீல் இதைப் பார்க்கவே இல்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறுவதில்லை.

நிரந்தரப் பகுதி ஊனத்துக்கான கணக்கு இப்படி: மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை எடுத்து, சட்டத்தின் நான்காம் அட்டவணையில் வயதுக்கு நேரே உள்ள எண்ணால் பெருக்கி, அதில் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போனதோ அத்தனை சதவீதத்தை எடுக்க வேண்டும். 50 வயதுக்கு அந்த எண் 153.09. ஒரு கையில் மூன்று விரல்கள் போனால் 30 சதவீத இழப்பு என்று முதல் அட்டவணை சொல்கிறது. 8,000-ஐ வைத்துப் போட்டால் 2,20,450 வருகிறது. 14,000-ஐ வைத்துப் போட்டால் 3,85,787. வக்கீலம்மா இதைக் கால்குலேட்டரில் அப்பாவையே தட்டச் சொன்னார். அப்பா இடது கையால் மெதுவாகத் தட்டி, வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, மறுபடி ஒருமுறை தட்டிப் பார்த்தார். வித்தியாசம் 1,65,337 ரூபாய்.

அவர் காட்டிய இரண்டாவது தவறு வட்டி பற்றியது. உத்தரவு தேதியிலிருந்து 30 நாளுக்குள் கட்டாவிட்டால் மட்டும் 12 சதவீத வட்டி என்று எழுதியிருந்தது. இழப்பீடு என்பது விபத்து நடந்த நாளிலேயே கொடுக்க வேண்டிய கடனாகிவிடுகிறது, ஆணையர் தீர்மானிக்கும் நாளில் பிறப்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரிலேயே, நான்கு நீதிபதிகள் அமர்வில், சொல்லிவிட்டது. விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்கவில்லை என்றால் வட்டி ஓடத் தொடங்கும். முதலாளி ஒரு மாதத்துக்குள் ஒரு ரூபாய்கூடக் கொடுத்திருக்கவில்லை.

இவை இரண்டையும் விட நான் அதிகம் பேச விரும்பியது சதவீதத்தைப் பற்றி. முப்பது சதவீதம் என்றால் அப்பா இன்னும் எழுபது சதவீதம் பிரஸ் ஓட்ட முடியும் என்று பொருளா? அவரால் இனி எந்தப் பட்டறையிலும் அந்த வேலையைச் செய்ய முடியாது. இப்போது காலடிப்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவலராக இருக்கிறார். வக்கீலம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அதே 1975 வழக்கில் இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தச்சருக்கு, ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்ற காரணத்தால் 100 சதவீத இழப்பை உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது என்பதையும் அவரே சொன்னார். பிறகு, நான் கேட்க விரும்பாததைச் சொன்னார். இந்தச் சட்டத்தில் உண்மை நிலவரங்களைத் தீர்மானிப்பதில் ஆணையர்தான் கடைசி அதிகாரி. உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமானால் 30-ஆம் பிரிவின்படி சாராம்சமான சட்டப் பிரச்சினை ஒன்று இருந்தாக வேண்டும்; தொகை போதவில்லை, சதவீதம் குறைவு என்பது மட்டும் அப்படிப்பட்ட பிரச்சினை ஆகாது. அப்பாவால் பிரஸ் ஓட்ட முடியாது என்று சொல்ல எந்த மருத்துவரையும் ஆணையர் முன் சாட்சியாக அழைத்திருக்கவில்லை. “அங்கே போடாத சாட்சியை இங்கே நான் எப்படிம்மா காட்டுவேன்? காரணங்கள்ல ஒண்ணா எழுதுறேன். ஆனா அதை நம்பி வராதீங்க” என்றார்.

இந்த அலுவலகத்துக்கு நான் கொடுக்கும் உயர்ந்த மதிப்பு இந்தப் பேச்சுக்குத்தான். எதில் ஜெயிக்கலாம், எதில் முடியாது என்பதை, கட்டணம் பேசுவதற்கு முன்பே, எங்கள் முகம் வாடும் என்று தெரிந்தும் சொன்னார்கள். இதே உத்தரவோடு அதற்கு முன் நாங்கள் பார்த்த வேறொருவர், பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், பத்து லட்சம் வாங்கித் தருகிறேன் என்றிருந்தார்.

கட்டணம் மொத்தம் 30,000 ரூபாய், மூன்று தவணையில். நகல், தட்டச்சு, கோர்ட் கட்டணம் தனி. பங்கு பேச்சே இல்லை. இன்னொன்றையும் முதல் நாளே சொன்னார்கள்: 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானத்தைப் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, உயர் நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான சட்டப் பணிக் குழுவில் மனுக் கொடுக்கலாம், விருப்பமானால் மனுவை நாங்களே எழுதித் தருகிறோம் என்றார்கள். தன்னிடம் பணத்தோடு வந்த கட்சிக்காரரிடம் இப்படிச் சொல்லும் வக்கீல்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை. அப்பாதான், உத்தரவை இவ்வளவு கவனமாகப் படித்தவரிடமே இருக்கட்டும் என்றார்.

கெடு தாண்டிய நான்கு மாதத்துக்குத் தாமத மன்னிப்பு மனு போட வேண்டியிருந்தது. முந்தைய வக்கீலைக் குறை சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் கேட்டது என் போனை. ஜூலையிலிருந்து நவம்பர் வரை அந்த வக்கீலுக்கு நாங்கள் செய்த அழைப்புகளின் பட்டியலையும், ‘வாய்தா’ என்று அவர் அனுப்பிய குறுஞ்செய்திகளையும் தேதியோடு எடுத்து, பிரமாணப் பத்திரத்தோடு இணைத்தார்கள். நாங்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவைப்படவில்லை. மனு ஏற்கப்பட்டது.

குமாஸ்தா அண்ணனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அப்பா விபத்துக்கு முன் போட்ட கையெழுத்து வேறு, இப்போது கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே பேனாவைச் செருகிப் போடும் கையெழுத்து வேறு. வக்காலத்தில் அப்பா கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இது பின்னாடி பணம் எடுக்கும்போது தகராறு ஆகும்” என்று சொல்லி, கையெழுத்து மாறியதற்கான காரணத்தை விளக்கும் பத்திரம் ஒன்றை நோட்டரி முன் அன்றே போடவைத்தார். கூடவே இடது கைப் பெருவிரல் ரேகையையும் வாங்கிக்கொண்டார். பிறகு ஆணையரிடம் கட்டப்பட்டிருந்த தொகையை எடுக்கப் போனபோது அந்தக் கேள்வி அப்படியே வந்தது. அந்தப் பத்திரத்தைக் காட்டியதும் முடிந்துவிட்டது. முதலாளி கட்டியிருந்த 2,20,450 ரூபாயை, மேல்முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறோம் என்று ஒரு மெமோ போட்டு, 2024 பிப்ரவரியிலேயே எடுத்துக் கொடுத்தார்கள். வழக்கு முடியும்வரை அதைத் தொடக் கூடாது என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

முதலாளி தரப்பிலிருந்தும் ஒரு மிரட்டல் வந்தது: நீங்கள் மேலே போனால் நாங்களும் மேலே போவோம், கொடுத்த பணமும் திரும்பி வரும் என்று. அப்பா இரண்டு நாள் தூங்கவில்லை. வக்கீலம்மாவிடம் சொன்னோம். இழப்பீட்டை எதிர்த்து முதலாளி மேல்முறையீடு செய்ய வேண்டுமானால், முழுத் தொகையையும் கட்டியதற்கு ஆணையரின் சான்றிதழை மனுவோடு வைக்க வேண்டும்; அவருக்கும் அதே 60 நாள் கெடுதான்; விபத்து வேலையின்போது நடந்தது என்ற முடிவை அசைக்க அவரிடம் சட்டப் பிரச்சினை எதுவும் இல்லை என்று பொறுமையாக விளக்கினார். முதலாளி கடைசிவரை மேலே போகவில்லை.

இனி குறைகள். அவற்றையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

மேல்முறையீட்டுப் பத்திரங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். அப்பா எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர். தன் பெயரில் என்ன போயிருக்கிறது என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டாமா? கேட்டபோது ஜூனியர் வாய்மொழியாகச் சொன்னார். ஒரே ஒரு பக்கத்தில் தமிழில் சுருக்கம் எழுதிக் கொடுத்திருக்கலாம், கடைசிவரை கொடுக்கவில்லை. நான் தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை என்பதால், அகராதியை வைத்துக்கொண்டு நானே எழுதி அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எல்லா வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்க மாட்டார்.

தகவல் சொல்வதிலும் குறை உண்டு. மனு கொடுத்த பிறகு அதற்கு வழக்கு எண் கிடைப்பதற்கே மாதங்கள் ஆகும், நடுவில் சிறு பிழைகளுக்காக வழக்குக் கட்டு திரும்பி வரும், அதைச் சரிசெய்து மறுபடி கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எங்கள் கட்டு இரண்டு முறை திரும்பியது. ஒரு முறை தட்டச்சு செய்த ஆவணத் தொகுப்பில் பக்க எண் விட்டுப்போனதால், இன்னொரு முறை பிரதிவாதியின் முகவரியில் பின்கோடு இல்லாததால். இரண்டும் அலுவலகத்தின் கவனக்குறைவுதான். பட்டியலில் வழக்கு வந்திருக்கிறது என்று சொல்லி வரச்சொன்ன இரண்டு நாட்களில் வழக்கை எடுக்கவே இல்லை. இரவு முழுக்கக் காவல் வேலை பார்த்துவிட்டுக் காலையில் மெட்ரோவில் நின்றுகொண்டு வந்தவர், மதியம் வரை இருந்துவிட்டுத் திரும்பினார். சட்டப் பிரச்சினையை மட்டும் பேசும் மேல்முறையீட்டுக்குக் கட்சிக்காரர் வரவேண்டிய அவசியமே இல்லை என்பதை மூன்றாவது முறைதான் சொன்னார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய குறை அபராதம் பற்றியது. தகுந்த காரணமில்லாமல் இழப்பீட்டைத் தாமதித்த முதலாளிக்கு, தொகையில் 50 சதவீதம் வரை அபராதம் விதிக்கவும் அதே சட்டத்தில் இடமிருந்தது. அதற்கு முன் முதலாளியிடம் ஆணையர் விளக்கம் கேட்க வேண்டும். எங்கள் வழக்கில் அப்படிக் கேட்கவில்லை; முந்தைய வக்கீலும் கோரவில்லை. மேல்முறையீட்டில் இதை ஒரு காரணமாக எழுதி, அந்த அளவுக்கு மட்டும் ஆணையருக்குத் திருப்பி அனுப்பக் கேட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். திருப்பி அனுப்பினால் இன்னும் இரண்டு ஆண்டு இழுக்கும், கைக்கு வரும் பணமும் தள்ளிப்போகும் என்று வக்கீலம்மா சொன்னார். அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த முடிவை எங்களிடம் கேட்டு எடுத்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகுதான், நான் கேட்டதால், சொன்னார்கள்.

மூன்று மாடிக்கும் படிதான், லிப்ட் இல்லை. அப்பாவுக்குக் கால் நன்றாக இருக்கிறது. எங்களை அழைத்துப் போன அந்தப் பெண்மணியின் கணவருக்கு அப்படி இல்லை. அவர் ஒருமுறைகூட வக்கீலை நேரில் பார்த்ததில்லை. கேட்டால் குமாஸ்தா அண்ணன் கட்டோடு கீழே இறங்கி வந்து டீக்கடையில் உட்கார்ந்து பேசுவார் என்பது உண்மைதான். ஆனாலும் அடிபட்டவர்களின் வழக்குகளை அதிகம் நடத்தும் அலுவலகம் இதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தீர்ப்பு 2025 ஆகஸ்டில் வந்தது. அன்று நான் மட்டும் போயிருந்தேன். வாதம் பத்து நிமிடங்கூட நீடிக்கவில்லை. வக்கீலம்மா முதலில் எடுத்தது ஏழாம் பக்கத்தையும் ஒன்பதாம் பக்கத்தையும்தான். பிறகு 2020 அறிவிக்கையின் நகலை நீட்டினார். எதிர்த்தரப்பால் பதில் சொல்ல முடியவில்லை. மாத ஊதியம் 14,000 என்று வைத்து மொத்த இழப்பீடு 3,85,787 ரூபாயாகத் திருத்தப்பட்டது. விபத்து நடந்து ஒரு மாதம் கழிந்த நாளிலிருந்து 12 சதவீத வட்டியும் கிடைத்தது. சதவீதம் குறித்த கோரிக்கை, அது ஆணையர் கண்டறிந்த உண்மை நிலவரம் என்ற காரணத்தால் ஏற்கப்படவில்லை. முதல் நாள் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னது போலவே ஆயிற்று. முதலாளி முன்பு கட்டிய தொகைக்கு, கட்டிய நாள் வரையிலும், மீதித் தொகைக்கு அக்டோபர் வரையிலும் வட்டி கணக்கிட்டு, கூடுதலாக எங்களுக்கு வந்தது ஏறத்தாழ 2,95,000 ரூபாய். முதலாளி கெடுவுக்குள் கட்டிவிட்டார். கட்டாவிட்டால் நில வரி பாக்கியைப் போல வருவாய்த் துறை மூலம் வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது என்று அதற்கான மனுவையும் குமாஸ்தா அண்ணன் தயாராக வைத்திருந்தார்.

பணம் வந்த அன்று மாலை அப்பா அலுவலகத்துக்குப் போய்க் கடைசித் தவணையைக் கொடுத்தார். ரசீதைக் கேட்காமலே கொடுத்தார்கள்; முதல் தவணைக்கு நான் இரண்டு முறை கேட்டு வாங்க வேண்டியிருந்தது. எண்பதாயிரம் ரூபாய் கடன் அடைந்தது. மீதியை அம்மா பெயரில் அஞ்சலகத்தில் போட்டிருக்கிறோம்.

இந்த அலுவலகத்துக்குப் போக நினைப்பவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. 2025 நவம்பர் 21 முதல் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, 1923 சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. ஆகவே உங்கள் விபத்து நடந்த தேதிக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள். உத்தரவு வந்த தேதியைப் பிறர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பாமல், நகலை வாங்கி நீங்களே பாருங்கள். பகலில் போனால் யாரும் இருக்க மாட்டார்கள். கோர்ட் முடிந்து மாலை ஆறு மணிக்கு மேல்தான் அலுவலகம் திறக்கும், சனிக்கிழமை காலையிலும் இருப்பார்கள். உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், சம்பளம் வந்த வங்கிப் புத்தகம், முந்தைய வக்கீலோடு பேசிய குறுஞ்செய்திகள் ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். உத்தரவு நகலை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.